வரி குறைஞ்சால் அரசுக்கு வருமானம் கூடுமோ? (2019இலை நடந்ததை வைச்சுக் கதைப்பம்)

17.02.2025, இரவு 9.10. கேள்வி: கொக்குவிலான்

இண்டைக்கு இலங்கை பட்ஜெட் முழுக்கக் கேட்டன். ஏப்ரலிலை இருந்து மாதம் ஒன்றரை இலட்சம் சம்பளம் மட்டும் வரி இல்லை, சந்தோசம். ஆனா வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதத்திலையே நிக்குது. என்ரை கேள்வி இதுதான். வரியைக் குறைச்சால் சனத்தின்ரை கையிலை காசு புழங்கும், வியாபாரம் பெருகும், பிறகு அரசுக்கும் வரி கூடித்தானே வரும்? 2019இலை 8 வீதத்துக்கு இறக்கினவை. கோவிட் வந்து குழப்பிப் போட்டுது. இப்ப கோவிட் இல்லை. திருப்பி 8க்கு இறக்கினால் என்ன?

17.02.2025, இரவு 10.25. பதில்

தம்பி, அந்த 8 வீதத்துக்கு அண்டைக்குக் கைதட்டினவன் நான். அதாலைதான் எழுதுறன்.

வவுனியாவிலை ஒரு ஹாட்வெயார் மொத்தக் கடையிலை பத்து வருசத்துக்கு மேலை கணக்குப் பாக்கிறன். 2019 நவம்பர் 16 சனாதிபதித் தேர்தல். மாதம் முடிய முதலே அமைச்சரவை முடிவு வந்திட்டுது. டிசம்பர் 1இலை இருந்து வற் 15இலை இருந்து 8. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி 2 வீதம் இருந்தது, அது அடியோடை இல்லை. ஜனவரியிலை இருந்து சம்பளத்திலை பிடிக்கிற வரியும் இல்லை. கொம்பனி வரி 28இலை இருந்து 24. முதலாளி அண்டைக்கு எல்லாருக்கும் ரோல்ஸும் பிளேன்ரீயும் எடுப்பிச்சவர்.

எனக்கு மாதம் 720 ரூபா மிச்சம். நானும் ரோல்ஸ் சாப்பிட்டன்.

18.02.2025, காலை 6.50

ராத்திரி எழுதினதிலை முக்கியமானதை விட்டிட்டன். வீதத்தைக் குறைச்சதை விடப் பெரிய வேலை வேறை ஒண்டு நடந்தது. ஆர் வற்றுக்குப் பதிய வேணும் எண்ட எல்லை வருசத்துக்கு 3 மில்லியன் விற்பனையிலை இருந்து 300 மில்லியனுக்குப் போனது. எங்கடை கடை ஒரே நாளிலை வெளியிலை. மூண்டு மாதத்துக்கு ஒருக்கா நான் நித்திரை முழிச்சு நிரப்பின படிவம் இனி இல்லை. வன்னியிலை எனக்குத் தெரிஞ்ச நடுத்தரக் கடையள் கிட்டத்தட்ட எல்லாம் அப்பிடித்தான் வெளியிலை வந்தவை.

18.02.2025, மதியம் 1.15

திருத்தம். 3 மில்லியன் எண்டது ஒரு காலாண்டுக்கு. வருசத்துக்கு 12 மில்லியன். 12இலை இருந்து 300. சுட்டிக்காட்டின கிளிநொச்சி அக்காவுக்கு நன்றி. பத்து வருசம் படிவம் நிரப்பினவன் காலை வெறுவயித்திலை எழுதினால் இப்பிடித்தான்.

ஆனா பாருங்கோ, திருத்தின பிறகும் கதை மாறேல்லை. வீதத்தைக் குறைச்சால் பிறகு கூட்டலாம். பதிவிலை இருந்து கடையளை வெளியிலை விட்டால் திருப்பிப் பிடிக்கிறது லேசில்லை. 2024 ஜனவரியிலை எல்லையை 60 மில்லியனுக்கு இறக்கினவை. எங்களைத் திருப்பிப் பதிய வைக்க எத்தினை கடிதம் வந்தது எண்டு எனக்குத் தெரியும். சில கடையள் எல்லைக்குக் கீழை நிக்க இப்ப இரண்டு பேரிலை ஓடுது, ஒண்டு மனிசியின்ரை பேரிலை. இதுக்கு மேலை சொல்லமாட்டன்.

18.02.2025, இரவு 8.40

"வற் குறைஞ்ச உடனை சாமான் விலை குறைஞ்சிருக்குமே, சனத்துக்கு லாபம்தானே" எண்டு இரண்டு பேர் கேட்டிருக்கினம். நான் பில் போட்ட ஒரு சாமானையே சொல்லுறன்.

குளியலறைக் குழாய் ஒண்டு, சீனத்துச் சாமான். கொழும்பு இறக்குமதிக்காரரிட்டை 1,000 ரூபா. பழைய 15 வீதத்திலை அதோடை 150 வற். நாங்கள் 1,250க்கு விலை போட்டு 187.50 வற் சேர்த்து 1,437.50க்கு வித்தம். வாங்கேக்கை கட்டின 150ஐக் கழிச்சு மிச்சம் 37.50ஐ உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டினம். (அந்த 2 வீத வரியை இந்தக் கணக்கிலை சேர்க்கேல்லை, தலை சுத்தும்.)

8 வீதம் வந்தது, நாங்கள் பதிவிலையும் இல்லை. இப்ப கொள்முதல் 1,080. அந்த 80 எங்களுக்குத் திரும்பி வராது, செலவோடை செலவு. பழைய லாபம் 250ஐச் சேர்த்தால் 1,330க்கு விக்கலாம். வித்தது 1,400க்கு.

விலையிலை 107.50 இறங்கியிருக்க வேணும். வாங்கினவருக்குப் போனது 37.50. எழுபது ரூபா கடையிலை நிண்டது.

18.02.2025, இரவு 9.05

"உங்கடை முதலாளி கள்ளன்" எண்டு எழுதின அண்ணைக்கு: அவர் விலைச்சீட்டை மாத்தச் சொன்னவர், அடிச்சு ஒட்டினது நான்தான். பக்கத்துக் கடையும் 1,400 தான். ஊரிலை எல்லாரும் ஒரே நாளிலை கள்ளரானால் அதுக்குப் பேர் சந்தை விலை.

அந்த எழுபது ரூபா எல்லாம் சேர்ந்து எங்கை போனது? கடையிலை புது ஆள் எடுக்கேல்லை. புதுக் களஞ்சியம் கட்டேல்லை. முதலாளி ஓமந்தைப் பக்கம் காணி வாங்கினவர். வித்தவர் கனடாவிலை இருக்கிறார். காசு சுழலும் எண்டு பொருளாதாரப் புத்தகத்திலை இருக்கு. இங்கை அது காணி வடிவத்திலை படுத்துக் கிடக்குது, வேலி அடிச்சபடி.

19.02.2025, காலை 7.20

சரி, கோவிட். தம்பி சொல்லுறதிலை பாதி நியாயம். 2018இலை சுற்றுலாவாலை 4.4 பில்லியன் டொலர் அளவு வந்த நாடு இது. 2020இலை அது ஒரு பில்லியனையும் தொடேல்லை. இதை ஆரும் மறுக்கேலாது.

ஆனா அரசின்ரை வரி வருமானத்தைப் பாருங்கோ. 2019இலை 1,735 பில்லியன் ரூபா அளவு. 2020இலை 1,217 பில்லியன் அளவு. பத்திலை மூண்டு பங்கு போட்டுது. பொருளாதாரம் அந்த வருசம் அவ்வளவு சுருங்கேல்லை. அப்ப இந்த ஓட்டையிலை பெரும்பங்கு எதாலை? சம்பளம் வாங்கினவனிட்டை வரி பிடிக்காதை எண்டு சொன்னது கோவிட் இல்லை. 12ஐ 300 ஆக்கினதும் கோவிட் இல்லை. கோவிட் வரமுதலே வாளியிலை ஓட்டை போட்டாச்சு. கோவிட் வந்து வாளியைத் தட்டிவிட்டது.

2020 மார்ச்சிலை வாகன இறக்குமதியை நிப்பாட்டினதும் இருக்கு. டொலரை மிச்சம் பிடிக்கத்தான் செய்தவை, ஆனா வாகன வரி அரசுக்குப் பெரிய வருமானம். அதுவும் அதோடை போச்சு. இந்த மாதந்தான் திருப்பித் திறந்திருக்கினம்.

19.02.2025, இரவு 10.50

"வருமானம் குறைஞ்சால் குறையட்டும், சனத்துக்கு என்ன?" எண்டு கொக்குவிலான் திரும்பக் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. எனக்கும் 2022 வரைக்கும் இது விளங்கேல்லை.

செலவு குறையேல்லைத் தம்பி. அரச ஊழியரின்ரை சம்பளம், ஓய்வூதியம், வட்டி, எல்லாம் அப்பிடியே. 2021இலை அரசுக்கு வந்த ஒவ்வொரு 100 ரூபாவிலையும் 70க்கு மேலை வட்டிக்கே போனது. கையிலை மிஞ்சின 30 சொச்சத்திலை நாடு நடத்தேலாது. கடன் வாங்க வேணும். வெளியிலை கேட்டால், கடன் தரப்படுத்துற நிறுவனங்கள் 2020இலையே எங்களை இறக்கிவிட்டிட்டினம், ஆரும் தர ஆளில்லை. உள்ளூரிலை திறைசேரி உண்டியல் (அரசு குறுங்காலக் கடனுக்கு விக்கிற பத்திரம்) வித்தால், அரசு சொன்ன குறைஞ்ச வட்டிக்கு வாங்க ஆளில்லை.

அப்ப மிஞ்சினதை ஆர் வாங்கினது? மத்திய வங்கி. 2019 முடிவிலை அதின்ரை கையிலை கிடந்த அரச கடன் பத்திரங்கள் 75 பில்லியன் ரூபா அளவு. 2021 முடிவிலை 1,400 பில்லியனைத் தாண்டிட்டுது. இதைத்தான் சனம் "காசு அடிச்சது" எண்டு சொல்லுறது.

20.02.2025, காலை 6.30

"காசு அடிச்சால் நோட்டு அடிக்கிற மெசின் ஓட வேணுமே, ஓடினதோ" எண்டு பகிடியாக் கேட்டிருக்கினம். பெரும்பாலும் ஓடத் தேவையில்லை. மத்திய வங்கி உண்டியலை வாங்கினால் அரசின்ரை கணக்கிலை ஒரு எண் ஏறும். அந்த எண் மாதக் கடைசியிலை வாத்தியாரின்ரை கணக்குக்கு வரும். வாத்தியார் பால்மா வாங்குவார், மோட்டச்சைக்கிளுக்குப் பெற்றோல் அடிப்பார், எங்கடை கடையிலை குழாய் வாங்குவார். மூண்டும் கப்பலிலை வாறது. கப்பல்காரனுக்கு டொலர் வேணும். ரூபாவைப் புதுசா உண்டாக்கலாம், டொலரை உண்டாக்கேலாது.

2021 செப்டெம்பரிலை இருந்து டொலர் 200க்கும் 203க்கும் இடையிலைதான் எண்டு பிடிச்சு வைச்சவை. பிடிச்சு வைக்கக் கையிருப்பைக் கரைச்சவை. 2019 முடிவிலை 7.6 பில்லியன் டொலர் இருந்தது, 2021 முடிவிலை 3.1. அதிலையும் அரைவாசி அளவு சீனாவோடை காசை மாத்தி வைக்கச் செய்த ஒப்பந்தத்திலை வந்தது, நினைச்சபடி செலவழிக்கேலாது. 2022 மார்ச்சிலை கை விட்டிட்டினம். மே மாதம் டொலர் 360. ஏப்ரல் 12, வெளிநாட்டுக் கடன் கட்டமாட்டம் எண்டு அறிவிப்பு.

என்ரை 720 ரூபாவுக்கு வருவம். 12.5 கிலோ காஸ் 1,493 ரூபாவாக இருந்தது. 2022 ஏப்ரலிலை 4,860. வரியா நான் மாதம் கட்டாமல் விட்ட காசை காஸ் சிலிண்டர் ஒண்டே நாலு மடங்குக்கு மேலை பிடுங்கிட்டுது. அதுவும் கிடைச்ச மாதங்களிலை.

20.02.2025, இரவு 11.40

நித்திரை வரேல்லை. பெற்றோல் லைன் ஞாபகம் வந்திட்டுது.

2022 யூன். பெற்றோல் செற்றடியிலை இருந்து ஒண்டரைக் கிலோமீற்றர் தள்ளி என்ரை மோட்டச்சைக்கிள். கையிலை நம்பர் எழுதின கடதாசித் துண்டு, 412. இரண்டு ராத்திரி. பின்னாலை நிண்ட ஐயா ஓய்வுபெற்ற தபால்காரர், பாய் கொண்டு வந்து மதகிலை விரிச்சுப் படுத்தவர். எண்ணெய் பவுசர் வருகுது எண்டு கத்தினால் எல்லாரும் எழும்பி வண்டியைத் தள்ளுவம், பிறகு பொய் எண்டு தெரியும். மூண்டாம் நாள் 1,500 ரூபாவுக்கு அடிச்சவை, மூண்டு லீற்றரும் கொஞ்சமும். ஐயாவின்ரை முறை வர பெற்றோல் முடிஞ்சுது. பாயைச் சுருட்டி ஹாண்டிலிலை கட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார், ஒண்டும் கதைக்கேல்லை.

வரி கட்டேக்கை எவ்வளவு கட்டினம் எண்டு சிட்டையிலை தெரியும். அந்த மூண்டு நாள் வேலைக்குப் போகாததை எந்தச் சிட்டையிலை எழுதுறது?

22.02.2025, மாலை 5.30

பருத்தித்துறை அண்ணை எழுதினதை எல்லாரும் வாசியுங்கோ. "உங்கள் எல்லாருக்கும் வற், சம்பள வரி. எங்களுக்கு மண்ணெண்ணெய். 87 ரூபா வித்தது, 2022 ஓகஸ்டிலை ஒரே ராத்திரியிலை 340. படகைக் கரையிலை ஏத்திப்போட்டு இருந்தம். இது எந்தப் பட்ஜெட்டிலை வருது?"

அண்ணை, இதுவும் பட்ஜெட்தான், மற்றப் பக்கம். 87 ரூபாவுக்கு வித்த காலத்திலை மிச்சத்தை அரசாங்கக் கொம்பனி நட்டமாச் சுமந்தது. அந்த நட்டத்துக்கு அரச வங்கியள் கடன் குடுத்தவை. கடைசியிலை எல்லாத்தையும் ஒரே நாளிலை இறக்கி வைச்சவை, அதுவும் படகுக்காரன்ரை தலையிலை. ஐஞ்சு வருசத்திலை கொஞ்சம் கொஞ்சமா ஏத்தியிருந்தால் தாங்கியிருப்பியள். மானியம் வேணுமோ வேண்டாமோ எண்டதிலை நான் உங்கடை பக்கம். விலையிலை குடுக்காமல் படகுக்குக் கையிலை காசாக் குடுத்திருக்கலாம் எண்டு படுது.

பின்குறிப்பு: மேலை "நான் உங்கடை பக்கம்" எண்டு எழுதினது முழுக்கச் சரியில்லை. 87 ரூபா மண்ணெண்ணெயை லொறிக்காரர் டீசலோடை கலந்ததும் எங்கடை ஊரிலைதான். நான் கண்ணாலை கண்டனான்.

23.02.2025, காலை 9.00

"உரத்தை மறந்திட்டீரோ" (கிளிநொச்சி அக்கா). மறக்கேல்லை. 2021 மே மாதம் இரசாயன உரத்தை நிப்பாட்டி, நவம்பரிலை திரும்ப விட்டவை. அதுக்குள்ளை காலபோகம் (மாரிகால நெல் விளைச்சல்) போட்டுது. அது பட்ஜெட் இல்லை, வேறை பைத்தியம். ஆனா டொலர் இல்லாத நாட்டிலைதான் அந்த யோசினைக்குச் செவி கிடைக்கும்.

24.02.2025, இரவு 9.30

இலண்டன் மச்சாளோடை போன் கதைச்சன். இந்த இழையைப் பற்றிச் சொல்ல, "எங்களுக்கும் வந்ததுதானே" எண்டு சிரிக்கிறா. உண்மைதான். 2022 செப்டெம்பர் 23, லிஸ் ட்ரஸ் அரசாங்கம் ஈடு ஒண்டும் காட்டாமல் 45 பில்லியன் பவுண் வரிக்குறைப்பு எண்டு அறிவிச்சது. மூண்டு நாளிலை பவுண் 1.03 டொலர் மட்டும் விழுந்தது. 28ஆம் திகதி இங்கிலாந்து வங்கி கடன் பத்திரங்களை வாங்க இறங்கினது. ஒக்டோபர் 14 நிதி அமைச்சர் வீட்டை, 20ஆம் திகதி பிரதமரும் ராஜினாமா. மச்சாளின்ரை வீட்டுக் கடன் நவம்பரிலை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 1.9 வீதத்திலை இருந்தவ 5.8க்குப் போனவ.

கொக்குவிலான், உங்கடை கேள்விக்கு இதிலையும் பதில் இருக்கு. அங்கை தங்கடை சொந்தக் காசிலை கடன், நம்பிக் குடுக்க ஆள் இருக்கு. அப்பிடியிருந்தும் ஒரு மாதம் தாங்கேல்லை. ஆனா அங்கை காஸ் லைன் வரேல்லை, ஒரு அரசாங்கம் போனதோடை முடிஞ்சுது. எங்களுக்கு இரண்டரை வருசம் இழுத்து எல்லாம் ஒண்டா வந்தது. முதல் வாரமே எங்களுக்கும் வட்டி ஏறி அடிச்சிருந்தால் அப்பவே நிப்பாட்டியிருப்பினம். வட்டியைப் பூட்டி, டொலரைப் பூட்டி, தெர்மாமீற்றரை உடைச்சுப்போட்டு காய்ச்சல் இல்லை எண்டு இருந்தம்.

26.02.2025, இரவு 8.15

"அப்ப வரி கூட்டினால்தான் நல்லதெண்டு சொல்லுறீரோ? சர்வதேச நாணய நிதியத்தின்ரை ஆள் போலை கிடக்கு."

இல்லை ஐயா. கூட்டினதாலை பட்ட பாடும் தெரியும். 2022 யூனிலை வற் 12, செப்டெம்பரிலை 15, 2024 ஜனவரியிலை 18. 2023இலை சம்பள வரி திரும்ப வந்தது, உச்சம் 36 வீதம். யாழ்ப்பாண ஆசுப்பத்திரியிலை நிண்ட எனக்குத் தெரிஞ்ச இரண்டு வைத்தியர் அந்த வருசமே வெளிக்கிட்டிட்டினம். பொருளாதாரம் சுருங்கிக் கிடக்கேக்கை வரியைக் கூட்டுறது காய்ச்சல்காரனைப் பட்டினி போடுற மாதிரி. 2019இலை கொஞ்சம் நல்லா இருக்கேக்கை தேவையில்லாமல் விருந்து வைச்சதாலை, 2022இலை சாப்பாடு தேவைப்பட்ட நேரம் பானை காலி.

அரசு செலவைக் குறைக்கிற நேரம் முதலிலை வெட்டு விழுறது ரோட்டுக்கும் கட்டிடத்துக்கும்தான், சம்பளத்தை வெட்டேலாது. எங்கடை கடையிலை இது அப்பிடியே தெரிஞ்சது. பாடசாலைக் கட்டிடம் ஒண்டு எழும்பினால் மேசன் கூலி ஊருக்குள்ளை, மண்ணும் கல்லும் ஊருக்குள்ளை, சீமெந்து எங்களிட்டை, மேசன் பின்னேரம் மீன் வாங்குவான். 2022, 23இலை கொந்துராத்துக்காரருக்குப் பழைய பில்லே வரேல்லை. எங்களிட்டைக் கடனுக்கு எடுத்த மூண்டு பேர் இன்னும் தரேல்லை. ஆயிரம் சொச்சம் வித்த சீமெந்து 3,000 தாண்ட, அரைச் சுவரோடை நிண்ட வீடுகள் இப்பவும் கண்டி வீதியிலை நிக்குது.

ஆகவே இந்தப் பட்ஜெட்டிலை முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்துக்கு 1,000 மில்லியன் எண்டதைக் கேட்டு நான் சந்தோசப்பட்டது சுயநலம் எண்டும் வைக்கலாம்.

27.02.2025, காலை 7.00

இந்த முறை ஏப்ரல் வரிக்குறைப்பு 2019 மாதிரித்தானே, ஏன் பயமில்லை எண்டு ஒருத்தர். பயமில்லை எண்டு நான் சொல்லேல்லை. ஆனா வித்தியாசம் இருக்கு. வற் 18 அப்பிடியே நிக்குது, எல்லை 60 மில்லியன். வாகன வரி திரும்ப வருது. வட்டியைக் கழிச்சுப் பாத்தால் நாட்டு உற்பத்தியிலை 2.3 வீதம் மிச்சம் பிடிக்க வேணும் எண்ட இலக்கு இருக்கு. 2023இலை வந்த மத்திய வங்கிச் சட்டத்தின்படி அரசு விக்கிற உண்டியலை மத்திய வங்கி ஏலத்திலை நேரே வாங்கேலாது. ஒரு இடத்திலை குறைக்கேக்கை இன்னொரு இடத்திலை காட்ட வேணும். 2019இலை "வளர்ச்சி வரும், அதிலை ஈடுகட்டுவம்" எண்டதை விட வேறை ஈடு ஒண்டும் காட்டேல்லை.

2023 நவம்பரிலை உச்ச நீதிமன்றமே அந்த வரிக்குறைப்பையும் சேர்த்துப் பாத்து, அப்ப பொறுப்பிலை இருந்தவை பொதுமக்களின்ரை நம்பிக்கையை மீறினவை எண்டு பெரும்பான்மைத் தீர்ப்புக் குடுத்தது. அதுக்காகச் சிறைக்குப் போனது ஆரும் இல்லை.

தம்பி, சின்ன வரிக்குறைப்பு, கண்ணுக்குத் தெரியிற ஈடு, கையிலை டொலர், இதுகள் இருந்தால் உங்கடை கூற்று ஓரளவு வேலை செய்யும். செலவு பழையபடி ஓட, ஏழு வீதத்தை ஒரே நாளிலை இறக்கிப்போட்டு வருமானம் தானாக் கூடும் எண்டால், எங்கடை 1,400 ரூபாக் குழாயைப் பாருங்கோ.

09.05.2025, இரவு 9.45

பழைய இழையைக் கிளப்புறதுக்கு மன்னிக்கோணும். ஏப்ரல் சம்பளச் சிட்டை வந்தது. ஒன்றரை இலட்சம், வரி 0. மார்ச் மாதம் 3,500 பிடிச்சவை. மனிசி கேட்டா, இந்த முறையாவது தங்குமோ எண்டு. சேமிப்புக் கணக்கிலை போட்டிருக்கு, பாப்பம். முதலாளி கொழும்பிலை வான் விலை விசாரிக்கிறார், வரியோடை விலையைக் கேட்டுப்போட்டு இரண்டு நாள் கதைக்கேல்லை.

11.05.2025, காலை 8.20

கடைசித் திருத்தம். அலுமாரி துப்பரவாக்கேக்கை 2019 நவம்பர் சிட்டை கிடைச்சது. சம்பளம் 117,000. இலட்சத்துக்கு மேலை 17,000, அதுக்கு 4 வீதம். அப்ப மிச்சம் 720 இல்லை, 680. மேலை நான் எழுதின இடங்களிலை மாத்தி வாசியுங்கோ.

சிட்டையின்ரை பின்பக்கம் மகள் பென்சிலாலை பிரித்தல் கணக்குச் செய்திருக்கிறாள். 2022 மார்ச், கொப்பி வாங்கேலாமல் இருந்த நேரம். பழைய சிட்டையள் முழுக்க அவளிட்டைக் குடுத்தனான். மூண்டாவது கணக்கு பிழை.